அழுத்திப் பார்த்த கோணம்

17 ஆண்டுகளுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலையில், ஆய்வுப் படிவம் ஒன்றின் கட்டத்தில் நான் பூஜ்ஜியம் என்று எழுதினேன். 'இடைவெளி, மி.மீ.' என்று மேலே அச்சிட்டிருந்த கட்டம் அது. அந்த எண்ணை மனதிலிருந்து எடுத்து எழுதவில்லை, அளந்துதான் எழுதினேன். ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடு, 0.05 மி.மீ. தடிமன் கொண்டது, உள்ளே நுழையவில்லை. ஆனாலும் நான் எழுதியது பொய். அது எந்த வகைப் பொய் என்று புரிந்துகொள்ள எனக்கு நீண்ட காலம் பிடித்தது.

அப்போது நான் பெங்களூருக்கு வெளியே, விமானங்களுக்கான கார்பன் இழைப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தர ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அன்று மேசைமேல் இருந்தது இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்து 'C' போல இருக்கும்: நடுவில் ஓர் அகலமான சுவர், இரு ஓரங்களிலும் 60 மி.மீ. அகலத்துக்கு மடிந்த ஃபிளாஞ்ச். மடிப்பு சரியாக 90 டிகிரி இருக்க வேண்டும் என்றது வரைபடம். அச்சும் சரியாக 90 டிகிரிதான். அதை நானே அளந்திருந்தேன். ஆனால் அச்சிலிருந்து கழற்றிய சட்டத்தின் மடிப்பு 88.9 டிகிரி. இரண்டு ஃபிளாஞ்சுகளும் கூச்சப்பட்டதுபோல உள்பக்கம் சாய்ந்திருந்தன. இந்தச் சட்டத்தின் மேல் வந்து உட்கார வேண்டிய தோலை வைத்துப் பார்த்தால், ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான இடைவெளி.

லேஅப் அறையின் மூத்த டெக்னீஷியன் பக்கத்தில் நின்றிருந்தார். தருமபுரிக்காரர். எங்கள் எல்லோருக்கும் அண்ணன். "உள்ள மடங்கிருக்கு சார். எப்பவும் இப்படித்தான் வரும்" என்றார். என் மேலதிகாரி வந்தார். திங்கட்கிழமை வாடிக்கையாளர் தரப்பில் ஆய்வுக்கு வருகிறார்கள், இது முதல் பாகம். அவர் ஃபிளாஞ்சைக் கட்டைவிரலால் தோலோடு சேர்த்து அழுத்தினார். "இப்ப அள. உக்காருதா இல்லையா?" உட்கார்ந்தது. தகடு நுழையவில்லை. பூஜ்ஜியம் என்று எழுதினேன்.

*

இந்தப் பாகங்கள் எப்படி உருவாகின்றன என்று சொன்னால்தான் அந்த 1.1 டிகிரி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

கார்பன் இழைகளை எபாக்சி பிசினில் தோய்த்து, துணிச் சுருள் போல உறைநிலைக்கும் கீழே உள்ள குளிர் அறையில் வைத்திருப்பார்கள். அதற்கு ப்ரீப்ரெக் என்று பெயர். வெளியே எடுத்து, வெட்டி, அச்சின் மேல் ஒவ்வொரு அடுக்காகப் படிய வைப்பது கைவேலை. இழைகள் ஓர் அடுக்கில் நீளவாக்கில், அடுத்ததில் குறுக்காக, இன்னொன்றில் 45 டிகிரிச் சாய்வில் போகும். பிறகு மேலே பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, ஓரங்களை ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அச்சோடு சேர்த்து ஆட்டோக்ளேவுக்குள் தள்ளுவார்கள். அறை அளவுக்கு ஒரு பிரஷர் குக்கர் என்று நினைத்துக்கொள்ளலாம். உள்ளே 180 டிகிரி செல்சியஸ், ஏழு வளிமண்டல அழுத்தம். சில மணி நேரத்தில் பிசின் உருகி, ஓடி, கெட்டிப்பட்டு, திரும்ப உருகாத நிலைக்குப் போய்விடுகிறது. தொழிற்சாலையில் இதை க்யூரிங் என்போம்.

அச்சு என்ன வடிவமோ பாகமும் அதே வடிவம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இட்லித் தட்டின் குழி எப்படியோ இட்லியும் அப்படி. ஆனால் கார்பன் இழையும் பிசினும் ஒரே குணம் கொண்டவை அல்ல. சூடாக்கினால் பிசின் நன்றாக விரியும். இழை தன் நீளவாக்கில் விரிவதே இல்லை, சொல்லப்போனால் துளி சுருங்கும். ஆகவே இழைகள் ஓடும் திசைகளில் பாகம் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. தடிமன் வாக்கில் குறுக்கே பிடித்து நிறுத்த இழை எதுவும் இல்லை. அங்கே ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் சுமார் 30 பங்கு என்ற கணக்கில் விரிவும் சுருக்கமும் நடக்கின்றன.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பிடியுங்கள். வெளிப்பக்கத் தாள் வளைவில் போகும் தூரம் அதிகம், உட்பக்கத் தாள் போகும் தூரம் குறைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், புத்தகத்தின் தடிமனையும் எவ்வளவு வளைத்தோம் என்பதையும் பொறுத்தது. இப்போது தாள்களின் நீளம் மாறாமல் தடிமன் மட்டும் சற்றுக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தூரங்களின் வித்தியாசம் பழையபடியே இருக்கிறது, தடிமன் குறைந்துவிட்டது. அப்படியானால் வளைவு கூடித்தான் ஆக வேண்டும். 180 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு இறங்கும்போது சட்டத்தின் மூலையில் நடப்பது இதுதான். தடிமன் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்குகிறது. மடிப்பும் அதே விகிதத்தில் இறுகுகிறது. 90 டிகிரியில் அது 0.4 டிகிரிக்கு மேல்.

மீதி வெப்பத்தால் வருவதல்ல. பிசின் கெட்டிப்படும்போதே அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெருங்கி வருவதால் கன அளவு குறைகிறது. பிசின் திரவமாக இருக்கும்வரை இந்தச் சுருக்கத்தால் கெடுதல் இல்லை, ஓடி நிரவிக்கொள்ளும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது கூழ்போல உறைந்து, ஓட முடியாமல் போகிறது. அதற்கப்புறம் நடக்கும் ஒவ்வொரு சுருக்கமும் பாகத்துக்குள் கணக்காகச் சேர்ந்துவிடும்.

இந்த இரண்டு விலகல்களுக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு. சட்டத்தை மறுபடி 180 டிகிரிக்குச் சூடாக்கினால் வெப்பத்தால் வந்த பங்கு திரும்பிப் போய்விடும். மடிப்பு கொஞ்சம் விரியும். கெட்டிப்பட்டபோது சேர்ந்த பங்கு திரும்பாது. பழைய சூழலுக்குக் கொண்டுபோனாலும் அது பழைய வடிவத்துக்கு வராது. முதன்முதலில் இதைப் படித்தபோது, தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி என்று குறித்து வைத்தேன். இப்போது படித்தால் வேறு எதையெல்லாமோ நினைத்துக்கொள்கிறேன்.

*

அச்சுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு மீட்டர் நீள அலுமினிய அச்சை 180 டிகிரிக்குச் சூடாக்கினால் அது ஏழு மில்லிமீட்டர் நீள்கிறது. அதன் மேல் கிடக்கும் கார்பன் அடுக்குக்கு நீள விருப்பமில்லை. ஆனால் ஏழு வளிமண்டலம் மேலிருந்து அழுத்துகிறது. அச்சை ஒட்டிய முதல் அடுக்கு உரசலில் இழுபடுகிறது. மேலே உள்ள அடுக்குகள் அவ்வளவாக இழுபடுவதில்லை, பிசின் இன்னும் இளகலாக இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொள்கின்றன. இந்த நிலையிலேயே எல்லாம் கெட்டியாகிவிடுகிறது. ஆறிய பிறகு அச்சிலிருந்து கழற்றினால், தட்டையாக வர வேண்டிய பலகை வில்போல வளைந்திருக்கும்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் ஊரில் கேட்பார்கள். குழந்தைகளைச் சிறுவயதிலேயே திருத்திவிட வேண்டும் என்ற அர்த்தத்தில்தான் கேட்பது வழக்கம். ஆட்டோக்ளேவ் எனக்குக் காட்டியது அதே பழமொழியின் மறுபக்கத்தை. ஐந்தில் யாரோ இழுத்த இழுப்பு, இழுத்தவரே எடுத்துப் போகப்பட்ட பிறகு, ஐம்பதில் வளைவாகத் தெரிகிறது. அச்சுக்குள் இருக்கும்வரை பாகம் நேராகத்தான் இருந்தது.

அச்சின் இந்த இழுப்பைக் குறைக்க இன்வார் என்ற உலோகத்தில் அச்சு செய்கிறார்கள். இரும்போடு 36 சதவீதம் நிக்கல் சேர்ந்த கலவை. வெப்பத்துக்கு மிகக் கொஞ்சமாகவே விரியும். 1896-இல் இதைக் கண்டுபிடித்த ஷார்ல் எடுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அது விலை கூடிய அச்சு, கனமான அச்சு. ஆனால் இன்வாரில் செய்தாலும் மூலையின் மடிப்பு இறுகத்தான் செய்யும். அந்தக் காரணம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு ஒரு சோதனை கொடுத்தார்கள். இரண்டே அடுக்கு: ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கே. தட்டையான அச்சில் வைத்து க்யூர் செய்து எடுத்தால், மாடியில் காயப் போட்ட அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. அந்த வளைவைக் கையால் அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு எதிர்த்திசையில் வேறொரு வளைவுக்குத் தாவியது. இரண்டு நிலையிலும் அது உறுதியாக நின்றது. தட்டையாக மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. மைக்கேல் ஹையர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1981-இல் இந்த நடத்தையை விவரித்து எழுதிய கட்டுரை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு அடுக்குகளைச் சமச்சீராக வைத்து இன்னொரு பலகை செய்யச் சொன்னார்கள்: நீளம், குறுக்கு, குறுக்கு, நீளம். அது தட்டையாக வந்தது. "இதுல உள் இறுக்கம் இல்ல, அதனாலதான் தட்டையா இருக்கு" என்றேன். பயிற்சியாளர் சிரித்தார். உள்ளே இறுக்கம் அப்படியேதான் இருக்கிறது, மேல்பாதி இழுப்பதைக் கீழ்பாதி அதே அளவுக்கு எதிராக இழுப்பதால் வெளியே தெரியவில்லை என்றார். பாடப்புத்தகத்தில் இதற்கு எஞ்சிய தகைவு என்று பெயர். சுருண்ட பலகை தன் இறுக்கத்தில் ஒரு பங்கைச் சுருண்டு வெளியே விட்டுவிட்டது. தட்டையான பலகை முழுவதையும் உள்ளே வைத்திருக்கிறது. நேராக இருக்கும் ஒன்றைப் பார்த்து, இதற்குப் பிரச்சினை எதுவும் இல்லை என்று முடிவு கட்டும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிருக்க வேண்டும். போகவில்லை என்பதற்குத்தான் அந்தப் பூஜ்ஜியம் சாட்சி.

*

அரிஸ்டாட்டில் எந்தப் பொருளையும் வடிவம், மூலப்பொருள் என்று இரண்டாகப் பிரித்து விளக்கினார். வடிவம் தருவது, மூலப்பொருள் ஏற்பது. ஐரோப்பியச் சிந்தனையில் இந்தப் பிரிவினை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது. ஃபிரெஞ்சுத் தத்துவவாதி ழில்பேர் சிமோந்தோன் 1958-இல் எழுதிய ஆய்வேட்டில் இதை எதிர்த்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் செங்கல். அச்சு வடிவத்தைத் தருகிறது, களிமண் வாங்கிக்கொள்கிறது என்று நினைப்பது பட்டறைக்கு வெளியே நிற்பவரின் பார்வை என்றார் அவர். வெளியே நிற்பவருக்கு உள்ளே போகும் மண்ணும் வெளியே வரும் கல்லும்தான் தெரியும். மண் எப்படிப் பிசையப்பட்டது, அச்சின் சுவரை அது எப்படித் தள்ளியது, சுவர் எங்கே தடுத்தது என்பதெல்லாம் உள்ளே வேலை செய்பவருக்கு மட்டும்தான் தெரியும். ஆணையிடுபவர் வடிவத்தைச் சொல்வார், வேலைக்காரர் பொருளோடு மல்லுக்கட்டுவார்; வடிவம் மேலே, பொருள் கீழே என்ற அந்தத் தத்துவமே அப்படிப்பட்ட ஒரு சமூகத்தின் பார்வை என்பது அவர் வாதம்.

சிமோந்தோனை நான் மிகத் தாமதமாக வாசித்தேன். வாசித்தபோது "எப்பவும் இப்படித்தான் வரும்" என்று சொன்ன அண்ணன்தான் நினைவுக்கு வந்தார். வரைபடத்தில் 90 என்ற எண் மட்டும் இருந்தது. அந்த மூலை 180 டிகிரியில் என்ன பாடு பட்டது, எந்த நிமிடத்தில் கூழாகி உறைந்தது என்ற கதை அதில் இல்லை. பாகம் தவறாக வந்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பாகம் தன் பொருளுக்கும் அனுபவித்த சூட்டுக்கும் ஏற்றபடி துல்லியமாகத்தான் வந்திருந்தது. அடுத்த பாகமும் அதே 88.9-க்கு ஏறக்குறைய வரும்.

அது அப்படித் திரும்பத் திரும்ப வருவதால்தான் ஒரு வழி பிறக்கிறது. 1.1 டிகிரி உள்ளே மடங்கும் என்று தெரிந்துவிட்டால், அச்சை 91.1 டிகிரிக்கு வெட்டிவிடலாம். தவறான அச்சிலிருந்து சரியான பாகம் வரும். துறையில் இதற்கு ஈடுசெய்தல் என்று பெயர். இன்று கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைத் திருத்துகிறார்கள். அப்போதும் இப்போதும், முதல் பாகத்தை அளந்து அச்சைத் திருத்துவதே நம்பகமான முறை. அரிஸ்டாட்டிலே நீதிநூலில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நம்மை இழுத்துக்கொள்ள வேண்டும், வளைந்த மரத்தை நிமிர்த்துகிறவர்கள் செய்வதைப் போல. வடிவமும் பொருளும் என்று பேசியவரைவிட இங்கே பேசுகிறவர் பட்டறைக்குள் வந்து நின்றிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாவது வழி, இடைவெளியை இடைவெளியாகவே ஒப்புக்கொள்வது. இருக்கும் சந்தை அளந்து, அதே தடிமனில் ஒரு துண்டை வைத்து நிரப்புவது. அதற்கு ஷிம் என்று பெயர். கெட்டித் துண்டாகவும் இருக்கலாம், பசைபோலப் பிதுக்கி இறுக விடுவதாகவும் இருக்கலாம். நேரம் பிடிக்கும், எடை கூடும், பார்க்க அழகாக இருக்காது. ஆனால் எங்கே எவ்வளவு நிரப்பினோம் என்பது பதிவில் இருக்கும்.

மூன்றாவது வழி, போல்ட்டை முறுக்கி இழுத்து மூடிவிடுவது. இடைவெளி காணாமல் போகும். அது எங்கே போனது? உள்ளே இறங்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டராக வெளியே இருந்தது, மூலைக்குள் இழுவிசையாக உட்கார்ந்துகொண்டது. மில்லிமீட்டரைத் தகடு வைத்து அளக்கலாம். உள்ளே இருக்கும் இழுவிசையைக் கண்ணாலோ தகடாலோ பார்க்க முடியாது.

அதுவும் எங்கள் சட்டத்தில் அது போய் உட்கார்ந்த இடம் மிக மோசமான இடம். உள்ளே மடங்கிய மூலையை விரித்து இழுத்தால், அங்கே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் திசையில் இழுபடுகின்றன. அந்தத் திசையில் இழை கிடையாது. பிசின் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது. இழையின் திசையில் இருக்கும் வலிமையோடு ஒப்பிட்டால் அது பல பத்து மடங்கு பலவீனமானது.

*

நான் பூஜ்ஜியம் என்று எழுதியதால் திங்கட்கிழமை ஆய்வு நல்லபடியாக முடிந்தது. முதல் பாகம் சரியாக இருக்கிறது என்றால் அச்சும் சரி. அச்சை 91.1-க்கு வெட்ட வேண்டிய காரணம் அந்தப் படிவத்தோடு மறைந்துபோனது. அடுத்தடுத்து வந்த சட்டங்கள் எல்லாம் அதே கோணத்தில்தான் வந்தன. ஒவ்வொன்றையும் பொருத்தும் இடத்தில் ஆட்கள் கிளாம்ப் போட்டு இழுத்தார்கள். இடைவெளி பூஜ்ஜியம் என்று முன்மாதிரி இருக்கும்போது ஷிம் கேட்டு யாரும் தாள் எழுதவில்லை. எழுதினால், முதல் பாகத்தில் வராதது உன்னிடம் மட்டும் எப்படி வந்தது என்ற கேள்வி வரும்.

ஏழாவது சட்டத்தில், பொருத்திய பிறகு செய்யும் அல்ட்ராசவுண்ட் சோதனையில், மூலையில் அடுக்குகள் விட்டிருப்பது தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய இடம். பாகம் வெளியே போகவில்லை, யாருக்கும் ஆபத்து இல்லை. காரணம் தேடும் கூட்டம் நடந்தது. இடைவெளியே இல்லாத இடத்தில் மூலை ஏன் பிரிய வேண்டும்? அச்சிலிருந்து கழற்றும்போது முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கிறார்கள் என்று முடிவு எழுதினார்கள். அந்த ஷிஃப்டில் கழற்றியவர் அண்ணன். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். கூட்டத்தில் நானும் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் கேன்டீனில் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை.

"அண்ணே, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஜீரோன்னு எழுதிட்டீங்க சார். ஜீரோவை யாரு இழுத்திருப்பான்னுதான் கேப்பாங்க. கழட்டுனவன் கை சரியில்லன்னுதான் சொல்லுவாங்க."

சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் வழக்கம்போல நன்றாகவே இருந்தார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

*

அந்தப் பூஜ்ஜியத்தை நான் பலவிதமாக நியாயப்படுத்திப் பார்த்திருக்கிறேன். மெல்லிய பாகங்களைக் கொஞ்சம் அழுத்தி அளப்பது எங்கள் துறையில் குற்றமே அல்ல. தன் எடையிலேயே தொய்யும் பாகத்தை எப்படி அளப்பது? அதனால் பல வரைபடங்களே அனுமதி தருகின்றன: இன்ன இடத்தில், இன்ன அளவு எடை வைத்து அழுத்தலாம், அந்த நிலையில் இடைவெளி இதற்குள் இருக்க வேண்டும் என்று. எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. சுதந்திர நிலையில் அளக்க வேண்டிய பாகம் அது. இருந்தாலும் விதியை மீறினேன் என்பதோடு விஷயம் முடியவில்லை. அழுத்துவது பொய்யாக இருந்தால், அனுமதி தரும் அந்த வரைபடங்கள் எல்லாம் பொய்யைச் சட்டமாக்கியவை என்று ஆகிவிடும்.

யோசித்துப் பார்த்தால், அங்கே இரண்டு எண்கள் இருக்கின்றன: எவ்வளவு அழுத்தினோம், அழுத்தியபோது எவ்வளவு இடைவெளி. இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் அளவு. 'இரண்டு கிலோ வைத்தால் பூஜ்ஜியம்' என்பது ஓர் உண்மை. 'இருபது கிலோ வைத்தால் பூஜ்ஜியம்' என்பது முற்றிலும் வேறொரு பாகத்தைப் பற்றிய உண்மை. நான் இரண்டாவது எண்ணை எழுதி, முதல் எண்ணை விட்டுவிட்டேன். அந்த எண் ஒரு கட்டைவிரலுக்குள் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. படிவத்தில் கட்டம் இல்லை என்பது எனக்கு அன்று வசதியாகவும் இருந்தது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. எல்லாப் பாகத்திலும் உள் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது என்று நீதான் சொன்னாய். சமச்சீரான பலகையும் தன் இறுக்கத்தை மறைத்துத்தான் தட்டையாக நிற்கிறது. போல்ட் போட்டு இழுப்பதும் அதில் இன்னும் கொஞ்சம் சேர்ப்பதுதானே? வலிமை மிச்சம் இருக்கும்வரை யாருக்கு என்ன நஷ்டம்? பொறியியல் கணக்காகப் பார்த்தால் இதில் தவறில்லை. எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரிந்து, அதைக் கணக்கில் சேர்த்து, மூலை தாங்கும் என்று காட்டிவிட்டு இழுக்கலாம். அப்போது அது வடிவமைப்பு. கணக்கில் சேர்க்காமல் இழுக்கும்போது, அந்தப் பாகம் தாங்கும் என்று நினைத்து அடுத்த சுமையை ஏற்றப்போகிறவருக்குத் தெரியாமல், அவருடைய மிச்சத்திலிருந்து எடுத்துச் செலவழிக்கிறோம். பலகையின் சமச்சீர் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதன் இறுக்கம் எவ்வளவு என்று அடுக்கு வரிசையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம்.

போயிங் 787 விமானத்தின் உடற்பகுதிகள் கார்பன் இழையால் ஆனவை. அவை சேரும் இடங்களில் இருந்த இடைவெளிகள் உள்ளிட்ட உற்பத்திக் குறைகளால் 2021 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை புதிய விமானங்களை ஒப்படைப்பதே ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. அங்கே அனுமதிக்கப்பட்ட இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13 மி.மீ. 2024 ஏப்ரலில் அமெரிக்க செனட் குழுவின் முன், அந்நிறுவனத்தின் பொறியாளர் சாம் சலேபூர், இடைவெளிகளை அதிகப்படியான விசையால் மூடி அளந்தார்கள் என்று சாட்சி சொன்னார். நிறுவனம் அதை மறுத்தது. நீண்ட சோதனைகளில் சோர்வால் வரும் சேதம் எதுவும் காணப்படவில்லை என்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. அங்கே இடைவெளிக்கான காரணங்களும் எங்கள் சட்டத்தின் காரணமும் ஒன்றல்ல. ஆனால் அந்தச் செய்தியை வாசித்த இரவு, விவாதம் எதைச் சுற்றி நடக்கிறது என்பது எனக்குப் பழகிய ஒன்றாக இருந்தது. இரு தரப்பும் இடைவெளியைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தாலும், கேள்வி விசையைப் பற்றியது: அளக்கும்போது எவ்வளவு அழுத்தினீர்கள்?

இதே கேள்வியைப் பாகங்களுக்கு வெளியேயும் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு வீட்டில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று சொன்னால், ஒரு வகுப்பில் ஒருவர்கூடச் சத்தம் போடுவதில்லை என்று சொன்னால், இடைவெளி பூஜ்ஜியம் என்று காதில் விழுகிறது. அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். யாருடைய கட்டைவிரல் எங்கே அழுத்திக்கொண்டிருக்கிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது.

*

மெமோ கொடுத்து ஐந்து வாரம் கழித்து நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் சட்டத்தைக் கிடங்கிலிருந்து எடுத்து, அழுத்தாமல் மறுபடி அளந்து, 88.9 என்று போட்டு, முதல் அளவு கையால் அழுத்திய நிலையில் எடுக்கப்பட்டது என்று கையெழுத்திட்டேன். ஐந்து வாரம் ஏன் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. பயம்தான் காரணம். மேலதிகாரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, பிறகு பேசினார். அச்சைத் திருத்தி வெட்டினார்கள். அடுத்த சட்டம் 90-க்கு மிக நெருக்கமாக வந்தது. ஃபிளாஞ்ச் அதன் போக்கிலேயே போய்த் தோலில் உட்கார்ந்தது. தகடு நுழையவில்லை, இந்த முறை யாரும் அழுத்தவும் இல்லை.

மெமோவைத் திரும்பப் பெறும்படியும் அந்தக் குறிப்பில் கேட்டிருந்தேன். அந்த விசாரணை முடிக்கப்பட்டுவிட்டது, மறுபடி திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"பரவால்ல விடுங்க சார். அச்சைத் திருத்திட்டாங்கல்ல? இனிமே பசங்க கிளாம்ப் போட்டு இழுக்க வேணாம்."

மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அவர் மன்னிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சில வருடம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அவருடைய கோப்பில் அந்தத் தாள் கடைசிவரை இருந்தது. அச்சில் இருந்த பிழையைத் திருத்த முடிந்தது. க்யூர் ஆகிவிட்ட பாகத்தில் சேர்ந்ததை எடுக்க முடியவில்லை.

இன்று வேறொரு இடத்தில் வேலை செய்கிறேன். நான் தயாரிக்கும் ஆய்வுப் படிவங்களில் 'இடைவெளி, மி.மீ.' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'அழுத்திய எடை, கிலோ' என்று ஒரு கட்டம் இருக்கும். புதிதாகச் சேரும் பையன்கள் பெரும்பாலும் அதைக் காலியாக விட்டுவிட்டு வருவார்கள். எதுவும் அழுத்தவில்லை என்றால் அங்கே பூஜ்ஜியம் என்று எழுதச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். சிலர் போய் மறுபடி அளந்து, இடைவெளிக் கட்டத்தின் எண்ணையும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள்.